உள்ளே போன அம்புக்குறி வெளியே வந்த வரலாறு

கலைச்செல்வி கணினி அச்சகம்,
பேருந்து நிலையம் எதிரில்,
செம்மேடு, கொல்லிமலை.

மதிப்பிற்கும் பாசத்திற்கும் உரிய கொழுந்தனார் திரு. தமிழ்செல்வன், எம்.சி.ஏ., அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் அண்ணி கலைச்செல்வி பணிவுடன் வரைந்துகொள்ளும் மடல். இங்கு தங்கள் அண்ணன் வேல்முருகனும், தங்கை கலைமணியும், நானும், கடையும் நலம். பெங்களூரில் தாங்களும், தங்களுடன் அறையில் தங்கியிருக்கும் நண்பர்களும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறேன். தாங்கள் செய்த பேருதவிக்கு அன்றே நன்றி தெரிவித்திருக்க வேண்டியவள், இத்துணை தாமதமாக எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். சோம்பல் காரணமன்று. நன்றி கூற வேண்டிய செயல் முடிந்துவிட்டது என்று நான் காகிதத்தை எடுக்கும்போதெல்லாம் அது முடியாமலிருந்தது என்பதே காரணம். கைபேசியிலேயே அனுப்பியிருக்கலாமே என்று தாங்கள் எண்ணலாம். அதில் அனுப்பினால் தாங்கள் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள். இது கட்டைவிரலுக்குள் அடங்குகிற செய்தியன்று.

பொங்கலுக்கு வந்த தாங்கள், என் பழைய கணினி கண்ணை மூடிவிட்டதைக் கண்டு மனமிரங்கிப் புதியது ஒன்றை வாங்கி வைத்ததையும், என் பழைய அச்சுக்கோப்பு மென்பொருளையும் எழுத்துருக்களையும் ஏற்கமாட்டேன் என்று அந்தப் புதியது அடம்பிடித்தபோது, அதன் வயிற்றுக்குள்ளேயே, ஒரு சன்னலுக்குள், பழைய கணினி ஒன்றை உண்டாக்கிக் குடிவைத்ததையும் நான் மறக்க முடியாது. மெய்நிகர் கணினி என்று அதற்குப் பெயரும் சொன்னீர்கள். தகடு இல்லை, கம்பி இல்லை, ஆனால் திரையில் அதே நீல வானம், அதே பச்சைப் புல்மேடு, நான் இத்தனை காலமும் பழகிய அதே எழுத்துகள். எட்டாம் வகுப்போடு நின்று, ஊரார் வீட்டுத் திருமண அழைப்பிதழ்களை எழுத்துக்கூட்டி அடித்து அடித்தே கணினியையும் செந்தமிழையும் ஒருசேரக் கற்றவள் நான். எனக்குக் கற்பித்தவர் எவருமிலர் என்பதில் எனக்குச் சிறிது பெருமையும் உண்டு. ஆயினும் ஒரு கணினி சூல்கொண்டதை அன்றுதான் கண்டேன், பக்கத்துக் கடைக்காரர்களையும் அழைத்துக் காட்டினேன். விசைப்பலகையை மட்டும் மாற்ற வேண்டாமென்று நான் கேட்டுக்கொண்டதற்கிணங்கப் பழையதையே பூட்டிக் கொடுத்தீர்கள். ஆண்டுதோறும் ஆயுத பூசைக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்கிய பலகையைப் பரணில் போட மனம் ஒப்பவில்லை.

அதன்பின் கலைமணியின் திருமணம் நிச்சயமாயிற்று. அழைப்பிதழ் அடிக்கும் பொறுப்பு இயல்பாகவே எனக்கு வந்தது. அத்துடன் தங்கள் தாய்மாமன் அப்பாசாமி அவர்களைத் திருப்திப்படுத்தும் பொறுப்பும் வந்தது. தாங்கள் அறியாததன்று, ஆயினும் முறைப்படி எழுதுகிறேன். என் திருமண அழைப்பிதழை அடிவாரத்து அச்சகம் ஒன்றில் அடித்தார்கள். அதில் எல்லாருடைய பெயருக்குப் பின்னாலும் பி.ஏ. என்றும் பி.எட். என்றும் ஓய்வு என்றும் வால் நீண்டிருக்க, மாமாவின் பெயர் மட்டும் ஒன்றுமில்லாமல் நின்றது. அவர் மண்டப வாசலில் நிறுத்தியிருந்த லாரிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, எனக்குத் தாலி கட்டி, பந்தி போட்டு, இலை எடுக்கிறவரை இறங்கவில்லை. தன்னைத் தூக்கி வளர்த்த தோள் என்று அவரைக் கொண்டாடுகிற கலைமணியோ, "மாமா மாலை எடுத்துக் குடுக்காம நான் மேடை ஏற மாட்டேனுங்க அண்ணி, ஆரு சொன்னாலுஞ் செரி" என்று சொல்லிவிட்டாள். மாமாவும் ஒரு நாள் கடைக்கு வந்து, உட்காரச் சொன்னாலும் உட்காராமல், "போன தடவ எம்பேரு மொட்டையா நின்னுச்சு சாமி. இந்தத் தடவயும் அப்படித்தான்னா இப்பவே சொல்லீரு, நான் லாரிய எங்க நிறுத்தறதுன்னு பாத்துக்கறேன்" என்றார். "மிளகு விவசாயி, திருப்புலி நாடு" என்று தடித்த எழுத்தில் போடுவதாக வாக்களித்தேன். "ம்" என்றார். அந்த ஓரெழுத்தில் சம்மதம் இருந்ததா என்பது எனக்கு விளங்கவில்லை.

இந்த நிலையில்தான், அழைப்பிதழைத் திறந்துவைத்து முதல் பெயரைத் தொட்ட அன்று, சுட்டியின் அம்புக்குறி உள்கணினிக்குள் போனது, வெளியே வரவில்லை. சன்னலின் ஓரம்வரை வருகிறது, முட்டுகிறது, திரும்புகிறது. வெளியே இருக்கிற அச்சுப்பொறியைத் தொட முடியவில்லை, எதையும் மூட முடியவில்லை. உடனே தங்களை அழைத்தேன்.

"தம்பி, அம்பு உள்ள போயிருச்சுங்க. வெளிய வரமாட்டீங்குது."

"அது ஒண்ணுமில்லீங்க அண்ணி. உள்ள இருக்கற கம்ப்யூட்டர் மவுசப் புடிச்சு வெச்சிருக்கும். வலது பக்கக் கன்ட்ரோல ஒரு அமுத்து அமுத்துங்க, விட்டுரும்."

"அமுத்திட்டேன் தம்பி. விடலீங்க."

"எடது பக்கத்த அமுத்தியிருப்பீங்க."

"சோத்தாங்கைப் பக்கம் எதுன்னு எனக்குத் தெரியாதுங்களா தம்பி?"

அதற்குத் தாங்கள் "அப்பறம் வேற என்னமோதான்" என்றீர்கள். கற்றவர்கள் தங்களுக்குத் தெரியாததை இவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்வது அரிது என்று அன்று இரவு உணவின்போது தங்கள் அண்ணனிடமும் சொன்னேன். அதன்பின் அம்பு உள்ளே போகும்போதெல்லாம் மின்சாரத்தை நிறுத்தி அதை விடுவித்தேன், அடித்ததெல்லாம் அழிந்தது, மீண்டும் அடித்தேன். நானே யோசித்து, உள்ளே ஒன்று போனால் வெளியே ஒன்று இருக்கட்டுமென்று, அடிவாரத்தில் கணினிக் கடை வைத்திருக்கும் ஹபீப் ரஹ்மான் பாயிடம் இரண்டாவது சுட்டி ஒன்றும் வரவழைத்தேன். "மவுசுல ஒண்ணும் கொறயில்லம்மா, ரெண்டும் ஒரே அம்பத்தான் நகத்தும்" என்று அவர் பேருந்து நடத்துநரிடம் சொல்லியனுப்பினார். நான் கேட்கவில்லை. இரண்டையும் பூட்டினேன். இரண்டாவதைத் தொட்டாலும் அதே அம்புதான் உள்ளே ஆடியது. தங்கள் அண்ணன் பார்த்துவிட்டு, "ஒரு லாரிக்கு ரெண்டு ஸ்டியரிங் வெச்சு ஓட்டறவள இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு மரவள்ளி லோடு ஏற்றப் போனார். கொண்டை ஊசி வளைவுகளில் நாள் முழுக்க ஒடித்துத் திருப்புகிறவருக்கு அந்த அளவு நகைச்சுவை உரிமை உண்டு.

தாங்கள் அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளின் ஓய்வைத் துறந்து, பெங்களூரில் இருந்தபடியே இணையவழி என் கணினிக்குள் புகுந்து, உள்கணினியும் வெளிக்கணினியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான இணைப்பு மென்பொருளை நிறுவிய அந்தத் திறமையை நான் எந்தச் சொல்லால் எழுதுவேன். மூடுபனியில் இங்கே சிக்னல் போய்ப் போய் வந்தது. தாங்கள் ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. தொடுவாரில்லாமல் அம்பு தானாக நகர்வதைப் பார்த்துக் கலைமணி கையெடுத்துக் கும்பிட்டாள். இறுதியில் அம்பு சன்னலைத் தாண்டி வெளியே வந்தது. மீண்டும் உள்ளே போயிற்று. மீண்டும் வந்தது. கடைக்கு நகலெடுக்க வந்தவர்கள் எதற்கென்று தெரியாமலே மகிழ்ந்தார்கள்.

ஒரேயொரு சிறு குறை மட்டும் தங்கியது. உள்கணினியில் நான் ஒரு வரியைக் காட்டினால், அம்பு அதற்குக் கீழ்வரியைப் பிடித்தது. உள்திரையின் அளவும் வெளித்திரையின் அளவும் பொருந்தாமையே காரணம், பிறகு சரிசெய்கிறேன் என்று தாங்கள் சொன்னீர்கள். ஆனால் முடியாதென்று உட்கார்ந்துவிடுகிறவள் அல்லேனே நான். எந்த வரி வேண்டுமோ அதற்கு ஒரு வரி மேலே குறிவைத்துப் பழகினேன். "என்னம்மணி இது, பாக்கறது ஒரு பக்கம், போறது ஒரு பக்கம்" என்று தங்கள் அண்ணன் கேட்டார். பழகப் பழகக் கை தானாகவே மேலே போயிற்று. பிற்பாடு சோற்றில் குழம்பு ஊற்றும்போதுகூட ஒரு விரற்கடை தள்ளியே ஊற்றினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியே அழைப்பிதழ் முழுவதையும் முடித்து, அவரவர் பெயருக்குப் பின்னால் வால் ஒட்டுவது மட்டும் பாக்கி வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனேன். அந்த இடைவெளியில் தாங்கள், அண்ணிக்குச் சொல்லாமல் ஓர் உதவி செய்வோமென்று, இணையவழி வந்து அந்தக் கோளாறையும் சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். சொல்லாமல் செய்கிற உதவிதான் உயர்ந்தது. நான் திரும்பி வந்து, வழக்கம்போல ஒவ்வொரு வரிக்கும் மேலே குறிவைத்து, வால்களை வரிசையாக ஒட்டினேன். ஒட்டி முடிக்கவும், மாமா வாசலில் செருப்பைக் கழற்றவும் சரியாக இருந்தது. படித்துப் பார்க்க அவகாசமில்லாமல் ஒரு படி எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

கொடுத்த பிறகுதான் என் கண்ணில் பட்டது. எல்லா வால்களும் ஒரு வரி மேலே ஏறியிருந்தன. உச்சியில் "அருள்மிகு கருப்பண்ணசாமி துணை" என்பதன் பக்கத்தில் "லாரி உரிமையாளர், செம்மேடு" என்றிருந்தது. தங்கள் அண்ணன் மிளகு விவசாயி ஆகியிருந்தார். அவருக்குக் கீழே, தடித்த எழுத்தில், "தாய்மாமன் அப்பாசாமி, எம்.சி.ஏ., மென்பொருள் வல்லுநர், பெங்களூரு". கடைசியில் தாங்கள், ஒன்றுமில்லாமல்.

மாமா விரல் வைத்துப் படித்தார். அந்த நேரத்தை மட்டும் நான் செந்தமிழில் எழுத இயலாது. கலைமணி கல்யாணம் அந்த விரல் நுனியில நின்னுச்சுங்க தம்பி, அவ்வளவுதான்.

"எம்பேருக்குப் பக்கத்துல என்னமோ நெறயாப் போட்டிருக்குதே கண்ணு."

"எம்.சி.ஏ.ன்னு போட்டிருக்குதுங்க மாமா. அது வந்து..."

"பெங்களூருன்னும் போட்டிருக்குது."

"ஆமாங்க, அது தப்பா..."

"என்ன தப்பு? நான் பெங்களூரு போயிருக்கறேன். மொளகு லோடோட போயி, ஒரு வாரம் இருந்து, குளிருன்னு திரும்பி வந்தேன்."

"இல்லீங்க மாமா, எம்.சி.ஏ.ங்கறது படிப்பு. கம்ப்யூட்டர் படிப்புங்க."

மாமா தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "ஒரு மொழத்துக்குப் போட்டிருக்கற கண்ணு. மொளகு வெவசாயின்னு இந்த மலையில ஆரு இல்ல? இது நல்லாருக்குது. இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முதன்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து சந்தைக்குள் போனார். மாலை இருட்டுவதற்குள் அந்தத் தாளைப் பார்க்காத கடை செம்மேட்டில் இல்லை. சாமிக்கு இட்ட வாலை நான் அன்றே எடுத்துவிட்டேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாமாவிடமிருந்து எடுக்க முடியவில்லை. மறுநாள் நான் நயமாகத் தொடங்கியபோது, "மாலை வாங்கியாச்சு சாமி. பட்டு வேட்டியும் சொல்லியாச்சு" என்று மட்டும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த கலைமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் இதுநாள்வரை, படிக்காத பட்டத்தை ஒருவருக்கும் அச்சிட்டதில்லை. அதையும் மாமாவிடம் மறைக்காமல் சொன்னேன். "அப்பப் படிச்சுப் போடலாம். கல்யாணத்துக்கு இன்னும் நாளு கெடக்குதல்லோ" என்றார். அன்றுமுதல் காலையில் குளித்துவிட்டு வந்து, சும்மா கிடந்த அந்த இரண்டாவது சுட்டியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் அமர்கிறார். நான் அம்பைக் கிழக்கே இழுத்தால் அவர் மேற்கே இழுக்கிறார். இந்த மடலையும் அவ்வாறே அடித்துக்கொண்டிருக்கிறேன். தங்கள் அண்ணன் வாசலில் நின்று பார்த்து, "ரெண்டு ஸ்டியரிங்குக்கும் ஆளு வந்தாச்சு" என்கிறார்.

இனி தங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று. அதே எம்.சி.ஏ.வைத் தங்களுக்கும் போட்டால், மாமாவைப் பார்த்துக் காப்பியடித்தது போலிருக்கும் என்று மாமா கருதுகிறார். ஆகவே தங்கள் பெயர் மொட்டையாக நிற்கலாம், அல்லது "மிளகு விவசாயி, திருப்புலி நாடு" என்ற வால் இப்போது யாருக்குமில்லாமல் இருக்கிறது. குடும்பப் பங்கில் தங்களுக்கும் மிளகுக்கொடி உள்ளபடியால் அது பொய்யாகாது. எழுத்தும் தடித்ததே. இத்துணைப் படித்தும் இத்துணைப் பணிவுள்ள தங்களுக்கு அது மேலும் பொருந்தும் என்பது என் துணிபு.

தங்கள் கைகள் தொட்டதெல்லாம் துலங்கவும், தங்களுக்கும் விரைவில் ஓர் அழைப்பிதழ் என் கையாலேயே அமையவும், கருப்பண்ணசாமி அருள்க. அறை நண்பர்களுக்கு என் வணக்கம். அண்ணன் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இங்ஙனம்,
தங்கள் அண்ணி,
வே. கலைச்செல்வி

பின்குறிப்பு: மடலை உறையிலிடும் முன் ஒன்று நடந்தது. இன்று காலை குளித்த ஈரத்தோடு வந்த மாமா, விசைப்பலகையின் வலது மூலையில் சந்தனம் இருப்பதைக் கண்டு, "சாமி பிரசாதத்த இப்படியா காயவிடறது" என்று ஈர விரலால் சுரண்டி நெற்றியில் இட்டுக்கொண்டார். உள்ளிருந்து 'டக்'கென்று ஒரு சத்தம். அது வலது பக்கக் கன்ட்ரோல் விசை. எனக்கு அது ஒருநாளும் பயன்பட்டதில்லை என்பதால் ஆண்டுதோறும் ஆயுத பூசைப் பொட்டை வேலைக்கு இடைஞ்சலில்லாமல் அதன்மேலேயே வைத்துவந்தேன். சந்தனம் இடுக்கில் இறங்கி இறுகி, தாங்கள் அமுத்தச் சொன்ன அன்று அது அமுங்கவேயில்லை. விறைப்பாயிருப்பது அந்த விசையின் குணம் என்று நினைத்துவிட்டேன். இப்போது தாங்கள் நிறுவிய இணைப்பை நிறுத்திவிட்டு அம்பை உள்ளே விட்டு, அந்த விசையை ஒருமுறை தட்டிப் பார்த்தேன். வெளியே வந்துவிட்டது. தாங்கள் முதல் நாள் முதல் பேச்சிலேயே சொன்ன மருந்து சரியானது. பிறகு செய்ததெல்லாம் தேவைப்பட்டிருக்காது. தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளுக்காக வருந்துகிறேன். ஆனால் அந்த விசை அன்றே அமுங்கியிருந்தால் மாமா இன்றும் மிளகு விவசாயியாகவே இருந்திருப்பார், கல்யாணத்தன்று லாரியும் மண்டப வாசலில் வந்து நிற்கும்.

வெள்ளிக்கிழமை அச்சேற்றுகிறேன். மொட்டையா, மிளகா என்று விரைவில் பதில் தரவும்.