திருஷ்டிக்கு ஒரு பெரியப்பா

அரைகுறையாக நின்ற மாடி வீட்டின் கைப்பிடிச் சுவரில் குப்புறப் படுத்துக்கொண்டு, மதன் தன் பெரியப்பாவின் காதோரம் இருந்த கயிற்றைப் பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் விடிந்திருந்தது. ஃப்ளெக்ஸில் ஓர் ஆள் உயரத்துக்கு இருந்த பெரியப்பா, அறுக்கிற கையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சாமி, அந்த மனுசன எதுக்குங்க அறுக்கறீங்க?"

கீழே வேப்பங்குச்சியும் வாயுமாக ஒரு அம்மாள் நின்றிருந்தாள். கட்டடத்துக்குக் காவல் இருக்கும் அங்கம்மாள்.

மதன் பிளேடை உள்ளங்கையில் மறைத்தான். "கிழிஞ்சு போச்சுங்க. அதான்..."

"எங்கீங்க கிழிஞ்சுது? போன மாசத்துக் காத்துல சாரமே சாஞ்சு போச்சு. அந்த மூஞ்சி அசையவே இல்லீங்களே!"

"திருஷ்டிக்குத்தானுங்க? நான் பெரிய பூசணிக்காயா வாங்கிக் கட்டீர்றேன்."

"பூசணிக்காயிக்கு எவனுங்க பயப்படறான்? போன தடவ கட்டுனத எவளோ கொழம்பு வெக்க அவுத்துக்கிட்டுப் போயிட்டா. இந்த மூஞ்சி வந்தப்பறம் ஒரு துண்டுக் கம்பி காணாமப் போவுலீங்க. கொத்தனாருக கூட டீ குடிக்கப் போனா ஓடியாந்தர்றாங்க."

"புதுசா ஒண்ணு கொண்டாந்து தர்றேனுங்க. பொழுதுக்குள்ள."

"அப்ப உங்க போன் நம்பரக் குடுத்துட்டு எறங்குங்க."

தப்பித்தால் போதும் என்று கொடுத்தான். பெரியப்பாவைச் சுருட்டி இரவல் வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு, பரமத்தி வேலூரிலிருந்த வீட்டுக்குப் பறந்தான். நாமக்கல் சாலையில் முந்தின நாள் காலையிலிருந்து அவன் இப்படி அறுத்தெடுத்த பெரியப்பாக்கள் ஒரு கட்டே சேர்ந்திருந்தார்கள். கோழிப்பண்ணை வாசலில் ஒருவர். வாழைத்தோப்பு வேலியில் ஒருவர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி நிறுத்துகிற கொட்டகையில் ஒருவர். எல்லாரும் ஒரே முறைப்பு.

இந்த வினை தொடங்கியது நெதர்லாந்தில். அங்கே வேலை பார்க்கும் மதனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மழையைப் பார்ப்பதைத் தவிர வேறு சோலி கிடையாது. அதனால் இணையத்தில் தென்படும் விசித்திரங்களைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதிவந்தான். கால்வாயில் மீன் வந்து நின்றால் மதகைத் திறந்துவிடச் சொல்லி ஊர் உலகமே மணியடிக்கும் இணையதளம், நகரத்துக்கு நகரம் பொம்மை வேஷக்காரனைத் தூதுவனாக வைத்திருக்கும் ஜப்பான்காரர்கள் என்று எதையாவது எழுதுவான். படிப்பவர்கள் சிரிப்பார்கள். அத்தோடு சரி.

ஒரு நாள், உலகத்தார் பேயை விரட்ட வைத்திருக்கும் முகங்களைப் பற்றி எழுதினான். கோயில் கோபுரத்தில் கோரப்பல், ஜப்பான் கூரையோட்டில் அரக்கன். கடைசியில் சும்மா இருக்க மாட்டாமல், ஒரு காதுகுத்து விருந்தில் தான் எடுத்த பெரியப்பாவின் படத்தைப் போட்டு, 'எங்கள் வீட்டுக்கு இவரே போதும்' என்று எழுதிவிட்டான்.

குடும்பத்துக்கு முகம் என்று ஒன்றுதான் உண்டு. அதைத் தெருவில் விடக்கூடாது. கடல் தாண்டியவனுக்கு இது மறந்துபோகிறது. மறுநாள் பயந்து அழித்தான். அதற்குள் படம் பல்லாயிரம் பேரின் கைக்குப் போயிருந்தது. ஒரு மாத விடுப்பில் ஊருக்கு வந்து இறங்கியவன், பேருந்து ஜன்னலில் பார்த்தான். கட்டடத்துக்குக் கட்டடம் பெரியப்பா!

அவர் பெயர் குழந்தைவேல். பெயரில் இருக்கும் குழந்தை அவர் முகத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை. கல்யாண வீட்டுப் புகைப்படக்காரர் ஒருவர், "கொஞ்சம் சிரிங்கய்யா" என்றபோது, "எதுக்கு?" என்று கேட்டார். புகைப்படக்காரர் அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டார். கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரை மூன்றாவதாகப் போட்டார்கள் என்று, இலையில் உட்கார்ந்த பந்தியை விட்டு எழுந்து வந்தவர். அந்த வீட்டுக்காரர்களோடு இன்றுவரை பேச்சில்லை. அப்படிப்பட்டவர், தம் முகத்தைப் பூசணிக்காயின் இடத்தில் கட்டியிருப்பதைப் பார்த்தால்?

அதுவும் இன்றைக்கு? மதனின் தங்கை சௌந்தர்யாவுக்கு ராசிபுரத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தது. அவளுக்கும் அந்தப் பையனைப் பிடித்திருந்தது. அவனைத் தவிர வேறு யாரையும் பிடிக்காது என்கிற அளவுக்குப் பிடித்திருந்தது. அப்பா இல்லாத வீடு. பெரியப்பா போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து, அங்கே கை நனைக்க வேண்டும். பெண் வீட்டுப் பெரியவர் அந்த வீட்டுச் சோற்றில் கை வைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. "எனக்குப் பசிக்கல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது.

கார் கிளம்பும்போதே மதன் முந்திக்கொண்டான். "கலைமணியண்ணா, மோகனூர் வழியாப் போயர்லாங்களா? அந்த ரோட்டுல காத்து நல்லா வரும்."

ஓட்டுநர் கலைமணி பெரியப்பாவிடம் பல வருஷமாக இருக்கிறவர். அவர் கண்ணாடியில் பெரியப்பாவைப் பார்த்தார்.

"காத்து வாங்கவா போறோம்? மெயின் ரோட்டுலயே உடு சாமி. மெதுவாப் போ," என்றார் பெரியப்பா.

மெதுவாக வேறு! மதன் கையைப் பிசைந்துகொண்டு, எந்தப் படத்தையாவது அறுக்காமல் விட்டுவிட்டோமா என்று இரு பக்கமும் கண்ணால் துழாவினான்.

அங்கம்மாளின் கட்டடம் வந்தது. பெரியப்பா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"நிறுத்து."

மாடியில் வெறும் மூங்கில் சட்டம் நின்றது. பெரியப்பா அதையே பார்த்தார்.

"நேத்துக் காத்து கீத்து அடிச்சுதா கலைமணி?"

"ஒரு எல ஆடுலீங்களே ஐயா."

"ம். போ."

கோழிப்பண்ணையிலும் இதே கதை. வாழைத்தோப்பிலும் இதே கதை. ஒவ்வொரு வெற்றிடத்திலும் தலை நீளும், உள்ளே வரும். வரும்போது முகம் இன்னும் ஒரு பங்கு கறுத்திருக்கும். யாரோ சொல்லியிருக்கிறார்கள், விசாரணை நடக்கிறது என்று மதனுக்குப் புரிந்துவிட்டது.

அப்போதுதான் அந்த லாரி முந்திக்கொண்டு போனது. அதன் பின்கதவில், பெரியப்பா.

மதன் பாய்ந்து கைப்பேசியை நிஜப் பெரியப்பாவின் மூக்குக்கு நேரே பிடித்தான். "பெரிப்பா! இங்க பாருங்க! நான் இருக்கற நாட்டுல மீனுக்குக் காலிங் பெல் வெச்சிருக்கறாங்க!"

"மீனுக்கா?"

"ஆமாங்க. மீனு வந்து நின்னா நாம பெல் அடிக்கோணும். அப்பறம் ஆள் வந்து மதகத் தொறப்பாங்க."

"மீனு எங்க போவோணுமாமா?"

"அந்தப் பக்கமுங்க."

"இந்தப் பக்கம் என்ன கொறைச்சல்?"

அதற்குள் லாரி போய்விட்டது. இனி அவர் வெளியே பார்க்கவே கூடாது என்று, காரின் ஒலிபெருக்கியோடு கைப்பேசியை இணைத்து முருகன் பாட்டை ஓடவிட்டான். பெரியப்பா கண்ணை மூடினார். நாமக்கல் தாண்டும்வரை மூடியே இருந்தார். மதன் மூச்சு விட்டான்.

பாட்டு நின்று அழைப்பு மணி அடித்தது. அதை வெட்டப் போன மதனின் விரல் பச்சையில் பட்டுவிட்டது. காரின் நாலு பக்கமிருந்தும் ஒரு குரல் எழுந்தது.

"சாமி! மூஞ்சி எங்கீங்க சாமி? மூஞ்சி இல்லாம ஒரு கொத்தனாரும் சாரத்துல ஏற மாட்டேங்கறாங்க!"

மதன் தட்டினான், குத்தினான், கடைசியில் கைப்பேசியையே அணைத்தான்.

"யாரது?" என்றார் பெரியப்பா, கண்ணைத் திறக்காமல்.

"ராங் நம்பருங்க பெரிப்பா."

"மூஞ்சி இல்லைங்கறாளே?"

"யாரு... யாரு மூஞ்சியோங்க."

பெரியப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் கத்தியிருந்தால் மதன் தைரியமாக இருந்திருப்பான்.

ராசிபுரத்தில் மாப்பிள்ளையின் அப்பா அன்பழகன் வாசலிலேயே காத்திருந்தார். ஓடிவந்து கார்க் கதவைத் திறந்தார். "வாங்க, வாங்க! எறங்குங்க!"

பெரியப்பா இறங்கவில்லை. நேரே பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்குப் பசிக்கல."

உள்ளே சோற்றுக் கரண்டியின் சத்தம் நின்றது. அன்பழகனின் கை கதவிலேயே ஒட்டிக்கொண்டது. "பந்தி பெறகு பாத்துக்கலாமுங்க. ஒரு வாய்த் தண்ணியாச்சும்..."

"தாகமில்லைங்க."

அன்பழகன் உள்ளே போனார். மதன் கைப்பேசியை உயிர்ப்பித்தான். உடனே சௌந்தர்யா கூப்பிட்டாள்.

"அண்ணா, பெரிப்பா கை நனைச்சிட்டாரா?"

"இன்னும் காலையே கீழ வெக்கலடி."

"ஏன்? மூஞ்சி எப்படி இருக்குது?"

"மூஞ்சியப் பத்தி மட்டும் பேசாத."

மறுமுனையில் அவள் அழத் தொடங்கியது கேட்டது. மதனுக்கு அதுவரை இருந்த பயத்தை அந்த அழுகை தள்ளிவிட்டது. இறங்கி, காரைச் சுற்றிப் போய், திறந்த கதவருகே மண்ணில் அப்படியே உட்கார்ந்தான்.

"பெரிப்பா, தப்பு என்னுதுங்க. அவளத் தண்டிக்காதீங்க. உங்க படத்த இன்டர்நெட்டுல போட்டது நான். அதையப் பாத்துத்தான் ஊரூராக் கட்டிப்போட்டாங்க. மானம் போயிருமேன்னு நானே விடியக்காலைல போயி ஒவ்வொண்ணா அறுத்துப்போட்டனுங்க."

பெரியப்பா மெல்லத் திரும்பினார். அந்தக் கண் அவன்மேல் இறங்கியது. கொத்தனார்கள் ஏன் ஓடி வந்தார்கள் என்று மதனுக்கு அப்போது விளங்கியது.

"நீ அறுத்தியா?"

"ஆமாங்க."

"ஊருச் சனம் அறுக்கல?"

"இல்லீங்க பெரிப்பா. அவங்க குடுக்கவே மாட்டேன்னாங்க. நான் ஒருத்தன்தானுங்க."

பெரியப்பா நெடுமூச்சு விட்டார். குனிந்திருந்த தோள் நிமிர்ந்தது. துண்டை உதறிப் போட்டுக்கொண்டு இறங்கினார். மதனைத் தாண்டி, வாசலைத் தாண்டி, உள்ளே குரல் கொடுத்தார்.

"சம்மந்தி! எலையப் போடச் சொல்லுங்க. பசி உசுரு போவுது."

சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் உள்ளே குலவையிடாத குறை. பெரியப்பா உட்கார்ந்து, இரண்டு தடவை சாம்பாரும் மூன்று தடவை பாயசமும் கேட்டு வாங்கிக் கை நனைத்தார். சௌந்தர்யாவுக்குச் செய்தி போனது.

மதன் காரில் சாய்ந்துகொண்டு முகத்தைத் துடைத்தான். குடும்ப மானத்தைக் காத்த பிள்ளை என்று பெரியப்பா மனதுக்குள் மெச்சியிருக்கிறார் என நினைத்தபோது, அவனுக்கே கண் கலங்கியது.

"எப்படியோ மன்னிச்சிட்டாரு கலைமணியண்ணா. நல்லவேளை, நான் கழட்டறதுக்கு முன்னால ஒரு படத்தக்கூட அவரு பாக்கல."

கலைமணி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பாக்காமலுங்களா தம்பி? அத்தனையும் நான் மேல ஏறிக் கட்டுவேன். ஐயாதானுங்க கீழ ஏணியப் புடிச்சுக்குவாரு."