ஆறு டப்பா மணல்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். அக்காவுக்கு முழங்கால் வலி தேவலையா?

கடைக்காரர் விலைப்பலகையில் காலையில் ஒன்று எழுதுகிறார், மாலையில் அழித்துவிட்டு வேறு எழுதுகிறார். அந்தக் கடையில் குறைந்துகொண்டே போவது சாக்கட்டி ஒன்றுதான். என் வயல் கூலியோ மூன்று வருஷமாக அசையவில்லை. பருப்பை நிறுத்திவிட்டோம், எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். ஆனால் உங்கள் தங்கையின் கௌரவம் உங்களுக்குத் தெரியாததா? விருந்தாளி கண்ணில் காலி டப்பா படக் கூடாதென்று, அடுக்களையில் ஆறு டப்பாவிலும் மணலைக் கொட்டி, மேலே காகிதம் விரித்து, அதன்மேல் ஒரு பிடி அரிசியைத் தூவி வைத்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை, விலையேற்றத்தால் கஷ்டப்படும் குடும்பங்களுக்கு மாதாமாதம் இலவச அரிசி கொடுக்கப் பெயர் எழுத ஓர் அதிகாரியம்மா வந்தார். நான் வயலிலிருந்து ஓடி வருவதற்குள் இவள் ஆறு மூடியையும் திறந்து காட்டி, "எங்களுக்கு என்ன குறைச்சல்? ரெண்டு மாசத்துக்குத் தாங்கும்" என்கிறாள். அதிகாரியம்மா பின்னாலேயே தெருவரை ஓடி, "மேடம், அடியில மணலுங்க" என்றேன். அவர் சிரித்தார். "இல்ல இல்லன்னு சொல்ற வீடாத்தான் பார்த்துட்டு வரேன். இருக்குன்னு சொன்ன ஒரே வீடு உங்களுது. போட்டோ எடுத்திருக்கேன், மேலிடத்துக்கு அனுப்பணும்" என்றார்.

மச்சான், பயமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிடுவார்களாம். சின்னவள் இப்போதெல்லாம் பானைக்குள் எட்டிப் பார்த்த பிறகுதான், "எனக்குப் பசிக்கல" என்கிறாள். நீங்கள் அந்த அதிகாரியம்மாவின் அலுவலகத்திலேயே வண்டி ஓட்டுகிறீர்கள்; யார் கையில் காலில் விழுந்தாவது எங்கள் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும்.

பின்குறிப்பு: இதை உங்கள் தங்கைக்குப் படித்துக் காட்டியது என் தப்பு. "எங்கண்ணன்கிட்டயே என் மானத்த வாங்கறீங்களா?" என்று பக்கத்திலேயே நிற்கிறாள். ஆகவே மேலே எழுதியதெல்லாம் பொய். மணலும் இல்லை, பயமும் இல்லை. எல்லோரும் வந்து ஒரு வாரம் தங்கிப் போகவும். இப்போது அவள் தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறாள், சட்டென்று எழுதுகிறேன்: மேலே தூவியிருந்த அரிசியையும் நேற்று சமைத்துவிட்டோம்.