பிழை அண்ணையும் பாலெர்மோச் சூரியனும்

இத்தாலியில், இந்தப் பாலெர்மோவில் பிழை அண்ணையிடம் குட்டு வாங்காத தமிழர் ஒருவர்கூடக் கிடையாது. கடவுள் உலகத்தைப் படைத்த கையோடு அவரிடம் ஒருமுறை காட்டியிருந்தால், ஏழெட்டுத் திருத்தங்களோடு திருப்பி அனுப்பியிருப்பார்.

சொந்தப் பெயர் அவருடைய பெர்மெசோவில், அதுதான் வதிவிட அனுமதி அட்டையில், மட்டும் இருந்தது. பஸ் வரும் நேரம் பிழை, ஐயர் மணியடிக்கும் நேரம் பிழை, நான் வைக்கும் தேங்காய்ப்பால் சொதி என்றென்றைக்கும் பிழை. பிரான்காச்சோப் பகுதியில் நான்காம் மாடியில் அவரோடு ஒரே வீட்டில் இருந்தவன் என்பதால் அதிகம் வாங்கியவன் நான்தான். ஒரு சிஞ்ஞோரா அம்மா வீட்டில் தரை துடைக்கப் போன அண்ணை, சுவரில் படம் சரிந்திருக்கிறது என்று நிமிர்த்திவைத்தார். சரிந்திருந்தது சுவர். அன்றோடு அந்த வேலை போயிற்று.

இப்படிப்பட்டவர் கையில்தான் போனில் ஒரு பஞ்சாங்கச் செயலி அகப்பட்டது. ஓப்பன் சோர்ஸ் சாமான். உள்ளே இருக்கும் கோட், அதாவது நிரல், எல்லாருக்கும் திறந்தே கிடக்கும். யாரும் திருத்தம் எழுதி அனுப்பலாம், பொறுப்பாளருக்குச் சரியென்று பட்டால் சேர்த்துக்கொள்வார். சதக் காசு கிடையாது. அண்ணை அதில் இறங்கியதும், விசர் பிடித்துவிட்டது என்று எங்கள் சனம் கூடும் கோயில் மண்டபத்தில் சிரித்தார்கள்.

“காசு தராதவனுக்கு ஏன் அண்ணை வேலை செய்யிறியள்?” என்று நானும் கேட்டேன்.

“பிழையைக் கண்டாப் பிறகு எப்பிடித் தம்பி விட்டிட்டுப் போறது?”

உண்மைக் காரணம் சிரிக்கிற காரணமல்ல. பெர்மெசோ புதுப்பிக்கக் கொடுத்து அது பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் கிடந்த நேரம், யாழ்ப்பாணத்தில் தாய் செத்துப்போனார். இவரால் போகமுடியவில்லை. வருடம் திரும்பி ஆட்டைத் திவசம் வந்தபோது, செயலி காட்டிய நாளில் படைத்தார். அது யாழ்ப்பாணத்து ஊர்க் கணக்கு. விடியும்போது நிற்கும் திதிதான் அன்றைய திதி; அங்கே விடியும்போது இங்கே நடுச்சாமம். அங்கே புதனில் விழும் திதி இங்கே செவ்வாயிலேயே விழுந்துவிடலாம். படைத்துச் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் அது அவருக்கு உறைத்தது.

“அம்மா நேற்றைக்கே வந்திருப்பா, தம்பி. ஒண்டும் இல்லாமல் பசியோடை திரும்பிப் போயிருப்பா.”

அதற்குப் பிறகு பஸ்ஸில் இருந்தபடியே போனில் கோட் படித்தார். செயலியில் பாலெர்மோவைச் சேர்த்து முதல் திருத்தத்தை அனுப்பினார். பொறுப்பாளர் எந்த நாட்டவரோ தெரியாது. அண்ணையோ சம்பந்தி வீட்டுக்கு எழுதுகிற மாதிரி, வீட்டில் எல்லாரும் சுகமா, பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் கோட்டுக்கே வருவார். அந்த மனிதர் சுகத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. உங்கள் ஊரில் மட்டும் சூரியன் ஏன் இவ்வளவு பிந்தி உதிக்கிறது என்று ஒற்றை வரியில் கேட்டார்.

நடந்தது இதுதான். சூத்திரத்தை நம்பாத அண்ணை, எங்கள் பல்கணியில் நின்று பார்த்து விடியும் நேரத்தை எழுதியிருக்கிறார். எதிரே இன்னொரு மாடிக் கட்டடம். அதன் மொட்டை மாடியில் காயும் உடுப்புகளைத் தாண்டித்தான் எங்களுக்குச் சூரியன் வரும். ஊருக்கெல்லாம் பிழை பிடித்தவரின் பிழையைக் கேட்டு மண்டபமே வயிறு நோகச் சிரித்தது. அவர் முதல் ரயிலேறிக் கடலோர ஊரான பகேரியாவுக்குப் போய், கடல் வெளியாகத் தெரிகிற இடத்தில் நின்று பார்த்து, திருத்தத்தைத் திருத்தி அனுப்பினார்.

செயலியில் பாலெர்மோ வந்தது. சிரித்த சனமெல்லாம் அதைப் பார்த்துத்தான் விரதம் பிடித்தது. நன்றி சொல்ல ஒரு வாய் திறக்கவில்லை. அந்த வருடம் அண்ணை தாயின் திவசத்தைச் சரியான நாளில் செய்தார். என் சொதியைப் பிழை சொல்லாமல் அவர் குடித்தது அன்று மட்டும்தான்.

பிறகொரு நாள் நகர் நடுவே பொலிதேயாமாவில் ஓர் அலுவலகப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து செத்துப்போனார். பெண்சாதி பிள்ளை இல்லை. விசரன் என்றவர்களே செத்த வீட்டில் “எங்கடை பஞ்சாங்கக்காரர்” என்று கண்ணைத் துடைத்தார்கள்.

சில மாதங்களில் செயலியின் பொறுப்பாளர், எந்த ஊர்க் கணக்கை யார் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று எல்லாருக்கும் எழுதினார். பாலெர்மோவிலிருந்து பதில் இல்லை. செத்தவர் எப்படிப் பதில் எழுதுவார்? பதில் வராததால் நீக்கப்பட்டது என்று ஒரு வரி போட்டு எங்கள் ஊரை எடுத்துவிட்டார். அத்தனை தரம் சுகம் விசாரித்தவரை, சுகமா இருக்கிறீரா என்று ஒருதரம் திருப்பிக் கேட்டிருக்கலாம்.

அண்ணையின் ஆட்டைத் திவசம் வந்தது. செயலி மறுபடியும் ஊர்க் கணக்கில் புதன் என்று காட்டியது. இங்கே செவ்வாயா புதனா என்று மண்டபத்தில் விசாரித்தேன். ஆளுக்கொரு நாள் சொன்னார்கள். கணக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

செவ்வாயும் படைத்தேன், புதனும் படைத்தேன். இரண்டு நாளும் சொதி வைத்தேன். ஒரு மனிதருக்கு இரண்டு நாள் திவசம் செய்வது பிழை என்று எனக்குத் தெரியும். அவர் பசியோடு திரும்பிப் போகக்கூடாது.