கத்தரீன் பிரியாணியைக் காப்பாற்றிய கதை

"எனக்குச் சோறு வேணாம்," என்று தட்டைத் தள்ளி வைத்தார் சூசைமுத்து.

கத்தரீன் கரண்டியும் கையுமாக நின்றாள். தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டிவிட்டு, குளிரில் கையைத் தேய்த்தபடி வந்து உட்கார்ந்தால் சட்டி காலியாகும் வரை எழுந்திருக்காத மனிதர் அவர்.

"காய்ச்சலா?"

"அதெல்லாம் இல்ல. இதக் கேளு." கைப்பேசியை நீட்டினார். அதில் கட்டைக் குரல் ஒன்று உறுமியது. 'நான் டாக்டர் பேசுகிறேன். சோறு மெல்லக் கொல்லும் விஷம். பிரியாணி என்றால் உடனே கொல்லும்.'

"யாருங்க இவன்?"

"பெரிய டாக்டர்."

"பேரு?"

"பெரிய டாக்டருக்குப் பேரு எதுக்குலா?"

"இதுக்கு முந்தி முட்டை விஷம்னாங்க, தேங்கா எண்ணெய் விஷம்னாங்க. இப்ப ரெண்டும் மருந்தாம். சோத்துக்கு எப்ப விடுதலைன்னு உங்க டாக்டர்கிட்டயே கேட்டுச் சொல்லுங்க!"

கைப்பேசி வைத்தியத்தை நம்பும் ஜாதி இல்லை கத்தரீன். தேயிலை பேக்கிங் பிரிவில் கூட வேலை செய்பவர்கள் தலையணைக்கடியில் பூண்டு வைத்துப் படுத்தபோதும், வெறும் வயிற்றில் வினிகர் குடித்தபோதும் சிரித்துவிட்டுப் போனவள்தான். ஆனால் இந்த டாக்டர் அவள் மடியிலேயே கை வைத்துவிட்டான். அந்தோணியார் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பூசை முடிந்ததும் தோட்டத்து லைன் வீடுகள் முழுவதற்கும் பிரியாணி போடுவது அவள்தான். மற்ற நாளெல்லாம் அவள் பெட்டி மடிக்கிறவள். அன்று ஒரு நாள் மட்டும் ராணி.

அவள் பிரியாணிக்கு ஒரு தனி வித்தை உண்டு. அரிசியைக் கெட்டித் தேயிலைச் சாயத்தில் ஊறவைப்பாள். தேயிலைத் தோட்டத்துக்காரி செய்கிற பிரியாணி வேறு எப்படி இருக்கும் என்பது அவள் கட்சி. அந்த நிறம் வேறு எவருக்கும் வந்ததில்லை.

விடக்கூடாது என்று புருஷனைப் பக்கத்து டவுனான தானா ராத்தாவிலிருந்த ஒரு கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா சிரித்தார். "சோறு தாராளமா சாப்பிடலாம். வயித்த மட்டும் கொஞ்சம் குறைங்க."

சூசைமுத்து ஊர் முழுக்கப் பின்பாதியை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். சாயங்காலமே திருநாள் கமிட்டித் தலைவி கிளாரிசா வாசலில் நின்றாள்.

"கிளினிக்லயே வயித்தக் குறைக்கச் சொல்லிட்டாங்களாமே, அக்கா! இந்த வருஷம் பிரியாணி வேணாம்லா. அவிச்ச சோளம் போதும்."

கத்தரீனுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆரோக்கியம்தானே வேண்டும்? நாக்கில் காட்டுகிறேன் என்று திரிங்காப் காய்கறித் தோட்டங்களிலிருந்து செலரிக் கீரை வரவழைத்து, உப்பும் சீனியும் போடாமல் அரைத்து, கமிட்டிக்கு ஆளுக்கொரு கிளாஸ் கொடுத்தாள். ஒரு மடக்கு உள்ளே போனால் பிரியாணி கேட்டுக் காலில் விழுவார்கள் என்பது அவள் கணக்கு.

அவர்கள் குடித்தார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கிளாஸ் கேட்டார்கள்.

"அருமை, அக்கா! திருநாளுக்கு இதையே போட்டுருவோம்!"

ஞாயிற்றுக்கிழமை பூசையில் அறிவிப்பும் வந்துவிட்டது: அவித்த சோளம், செலரிச் சாறு. கத்தரீன் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் அக்கா மகன் டெரன்ஸைக் கூப்பிட்டாள்.

டெரன்ஸ் பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் இருப்பவன். கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது ராஜாவாக வந்து குழந்தைகளை நிஜமாகவே அலறவைத்த குரல்.

"அந்த டாக்டர் மாதிரியே நீ பேசணும்டா."

டெரன்ஸுக்கு முகம் வெளுத்தது. "நானா? வேணாம் சித்தி, நல்லா இருக்காது."

"சித்தி மானம் போகுதுடா." அவள் கண் மறுபடி கலங்கியது. அவன் என்னதான் செய்வான்? கைப்பேசியை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பதிவு செய்தான்.

'அதே டாக்டர் பேசுகிறேன். ஒரு சிறு திருத்தம். சோறு விஷம் என்றது கீழே இருப்பவர்களுக்கு. மலையில் வசிப்பவர்கள் சோறு தின்னாவிட்டால் ரத்தம் உறைந்துவிடும். தேயிலைச் சாயத்தில் ஊறிய பிரியாணி ஆளுக்கு இரண்டு தட்டு அவசியம்.'

"அச்சு அசல் அவனேதான்! எப்படிடா?"

"வந்துருச்சு சித்தி," என்று வேர்வையைத் துடைத்தான், அந்தக் குளிரிலும்.

கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி லைன் முழுக்கப் போய்ச் சேர்ந்தது அந்தக் குரல். கேட்ட சூசைமுத்து பேயறைந்தவர்போல ஆனார்.

"இது... போலியா இருக்கும், கத்தரீன்."

"அதே குரல்தானே? அப்ப முதல்ல சொன்னதும் போலியா?"

சூசைமுத்து கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே நழுவினார். கிளாரிசா வந்தாள், அதே கேள்வியைக் கேட்டதும் பிரியாணிக்கே சம்மதித்துவிட்டுப் போனாள். கல்யாணமான நாளிலிருந்து கத்தரீன் இப்படி ஒரு வாதத்தில் ஜெயித்ததில்லை.

திருநாள் அன்று பனிமூட்டத்துக்கு நடுவே கோயில் முற்றத்தில் அண்டா ஆவி பறந்தது. கத்தரீன் புதுப் பட்டுச் சேலையில் நின்று குவித்துக் குவித்துப் பரிமாறினாள். வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. டாக்டர் சொன்னபடி ஆளுக்கு இரண்டு தட்டு. பாதரும் தலை நிமிராமல் சாப்பிட்டார். கிளாரிசாவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. சூசைமுத்து தட்டில் இவள் தன் கையாலேயே மூன்றாவது முறை வைத்தாள். மனசு நிறைந்து பூரித்தது. உலகத்துக் கைப்பேசி டாக்டர்களை எல்லாம் ஒரே அண்டாவுக்குள் போட்டு மூடிவிட்ட பெருமிதம்.

ஒதுங்கி நின்ற டெரன்ஸைப் பிடித்து அவன் கையிலும் ஒரு தட்டைக் கொடுத்தாள்.

"நாம ஜெயிச்சிட்டோம்டா! ஆனா சோறு விஷம்னு முதல்ல உளறினானே, அவன் யாருன்னு மட்டும் தெரியட்டும், ஒரு அண்டாவையே அவன் வாயில கொட்டுறேன்!"

டெரன்ஸ் தட்டைப் பார்த்தான். சித்தப்பாவைப் பார்த்தான். அவர் 'வேண்டாம்' என்று தலையை ஆட்டினார். அவனுக்கோ அதற்குமேல் மறைக்கத் தெம்பில்லை.

"அதுவும் நான்தான் சித்தி. உங்க பிரியாணிகிட்ட இருந்து இந்த ஒரு வருஷமாவது தப்பிச்சுக்கிறோம்னு சித்தப்பா, கமிட்டி, பாதர் எல்லாரும் கெஞ்சினாங்க."