மூணு ராஜாவும் மீசை வச்ச மந்திரியும்

ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் போடணும். அவ்ளோதான் எனக்குக் குடுத்த வேலை.

பென்னாகரத்துக்குப் பக்கத்துல சின்ன தொடக்கப் பள்ளி எங்களோடது. ஹெச்.எம். சாரும் நானும்தான் மொத்த ஆசிரியர் படை. ஒரு ராஜா, ஒரு மந்திரி, கொஞ்சம் குடிமக்கள், பத்து நிமிஷம் ஓட்டிருங்க டீச்சர்னு சார் சொன்னார். நானும் தலையாட்டினேன். எங்க வகுப்பு லட்சணம் தெரிஞ்சும் தலையாட்டினேன் பாருங்க, அப்பவே என் புத்தி புல் மேயப் போயிருச்சு.

ஊர்ல பாதிப் பேருக்குப் பெங்களூர்ல கட்டட வேலை. வேலை கிடைச்சா குடும்பத்தோட பஸ் ஏறுவாங்க, முடிஞ்சா திரும்புவாங்க. புள்ளைங்களும் கூடவே போகும், வரும். திங்கக்கிழமை வகுப்புல யார் இருப்பாங்கன்னு ஞாயித்துக்கிழமை எனக்கே தெரியாது.

முதல் ராஜா திலீப். நாலாவது படிக்கிறான், கணீர்னு குரல். வசனம் பூரா மனப்பாடம் ஆச்சு. மறுநாள் ஆளைக் காணோம். காலைல முதல் பஸ்ஸுக்கே பெங்களூர் போயிட்டாங்கன்னு பக்கத்து வூட்டு அக்கா சாவகாசமா சொன்னாங்க.

சரி போகட்டும்னு மஞ்சுநாத்தைப் பிடிச்சேன். ஓசூர்ப் பக்கத்துல இருந்து புதுசா வந்து சேர்ந்தவன், வூட்ல கன்னடம். "யாரங்கே"ன்னு சொல்லச் சொன்னா "யாரல்லி"ம்பான். அதைத் திருத்தவே ஒரு வாரம் ஆச்சு. அவன் திருந்தின அன்னைக்கு அவங்கப்பாவுக்கு மறுபடி ஓசூர்லயே வேலை கிடைச்சிருச்சு.

மூணாவது ராஜா கோகிலா. மூணாம் வகுப்பு. இதுவரைக்கும் எத்தனை ஸ்கூல் மாறியிருக்கன்னு கேட்டா விரலை மடக்கிட்டே போயி நடுவுல விட்டுட்டா. ஆனா எந்த ஸ்கூல்லயும் ஆண்டு விழா வரைக்கும் இருந்ததில்லையாம். இங்கயும் கிளம்புற நேரம் வந்துச்சு. நாடகம் ஆடாம வர மாட்டேன், சாப்பிட மாட்டேன்னு அடம் பிடிச்சு அவங்கம்மா செல்வியை என்கிட்ட இழுத்துட்டு வந்துட்டா.

"நாடகம் முடியற மட்டும் இருக்கறோமுங்க டீச்சர். மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். அதுக்கு மேல ஆவாதுங்க."

எனக்கு ராஜா கிடைச்சா போதும்னு இருந்துச்சு. ஆனா ஒண்ணு நடந்துச்சு. ஒரு வரியும் படிக்கத் தெரியாம வந்தவ, அந்த வசனத்தை எழுத்துக் கூட்டியே படிக்க ஆரம்பிச்சுட்டா. பாடப் புத்தகத்தை வச்சு என்னால முடியாத காரியம் அது.

விழா நாள் வந்துச்சு. அதே வாரம் ஊர்ல மாரியம்மன் பண்டிகை. பண்டிகைன்னா பெங்களூர், ஓசூர்ல இருக்கற சனமெல்லாம் ஊர் திரும்பும்னு என் மரமண்டைக்கு உறைக்கல.

மத்தியானம் திலீப் வந்து நின்னான். ஜிகினா சட்டை, இடுப்புல பிளாஸ்டிக் வாள். வேலை நடக்கற எடத்துல தினமும் வசனம் சொல்லிட்டே திரிஞ்சான், இதுக்குன்னே ஒரு நாள் முந்தி கெளம்பி வந்தோம்னு அவங்கப்பா முகமெல்லாம் சிரிப்பா சொன்னார். வேஷத்தை வேற ஆளுக்குக் குடுத்துட்டேன்னு சொல்ல வாய் வரல. வாய் வர்றதுக்குள்ள மஞ்சுநாத்தும் கேட்டைத் தாண்டி வந்துட்டிருந்தான், தலையில சொந்தக் கிரீடத்தோட.

மூணு ராஜா. அண்ணன், தம்பி, தங்கச்சின்னு சமாளிக்கலாம்னு மந்திரியைக் கூப்பிட்டேன். மந்திரி இல்லை. மாமன் ஊர்ல கெடா வெட்டாம், கறிச்சோறு தின்னப் போயிட்டான். குடிமக்களையும் கூடவே கூட்டிட்டுப் போயிட்டான்.

அதுக்குள்ள ஹெச்.எம். சார் மைக்ல அடுத்து நாடகம்னு சொல்லிட்டார். முன் வரிசையில கல்வி அதிகாரி உக்காந்திருந்தார். வேற வழியில்லாம சேலை மேல துண்டைக் கட்டி, கண் மையில மீசை வரைஞ்சு நானே மேடை ஏறினேன். ஊரே சிரிச்சுது. என் மாமியாரும் வந்திருக்காங்கன்னு அப்பதான் பாத்தேன்.

"மந்திரியாரே, நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?"

மூணு பேரும் ஒண்ணா கேட்டாங்க. மஞ்சுநாத் மட்டும் பாதியைக் கன்னடத்துல கேட்டான்.

"பொழிகிறது மன்னா"ன்னேன். அப்புறம் மன்னர்களேன்னு திருத்தினேன்.

அதோட விட்டிருக்கலாம். திலீப் என்னை மேலயும் கீழயும் பாத்தான். "பொய் சொல்றீங்க டீச்சர். மழ பேஞ்சா எங்கப்பா எதுக்கு பெங்களூர் போறாரு?"

கூட்டத்துல விசில் பறந்துச்சு. கோகிலாதான் ஒரு எட்டு முன்னாடி வந்து, மந்திரியைச் சிறையில் அடையுங்கள்னு உத்தரவு போட்டா. நாடகத்துல அப்படி ஒரு வசனமே கிடையாது. இழுத்துட்டுப் போகக் காவலாளி இல்லாததால நானே நடந்து சிறைக்குப் போனேன்.

கைதட்டல் ஓய ரொம்ப நேரம் ஆச்சு. ரொம்பப் புதுமையான நாடகம், யார் எழுதினதுன்னு அதிகாரி கேட்டார். மீசையைத் துடைச்சிட்டே சிரிச்சு வச்சேன்.

அப்பதான் செல்வி வந்தாங்க. தோள்ல பை. பக்கத்துல கிரீடத்தைக் கழட்டாம கோகிலா.

"நாடகந்தான் முடிஞ்சுருச்சுங்களே டீச்சர். டி.சி. எப்ப வாங்கிக்கலாமுங்க?"

கோகிலா என்னையே பாத்தா. இப்பதான் எழுத்துக் கூட்ட ஆரம்பிச்ச புள்ள.

"எங்க முடிஞ்சுது? இது முதல் பாகம்தான். ரெண்டாம் பாகத்துல கோகிலா இல்லாம ஒண்ணும் நடக்காது."

செல்வி பையைக் கீழ வச்சுட்டு மேஸ்திரிக்கு போன் போட்டாங்க.

இப்ப ஒன்பதாம் பாகம் ஒத்திகை நடக்குது. கதை என்னன்னு மட்டும் தயவுசெஞ்சு கேட்டுராதீங்க.