காவ்யா காலிக் கட்டத்தோடு பொருத படலம்

ஆரணிப் பட்டின் பெருமை காக்கும் நெசவுக் குலத்தின் கொழுந்தே, முள்ளிப்பட்டு சிவப்பிரகாசம் பெற்றெடுத்த செல்வமே, பன்னிரண்டாம் வகுப்பில் அறுநூற்றுக்கு ஐந்நூற்று நாற்பத்தெட்டு என்று வெற்றிக்கொடி நாட்டிய காவ்யா, நீ வாழி! நின் போரைப் பாடப் புகுந்தேன். படவேட்டு ரேணுகாம்பாள் என் நாவுக்கும், ஜெயவேலின் பிரவுசிங் சென்டர் மின்சாரத்துக்கும் ஒருசேரக் காவல் நிற்பாளாக!

போர்க்களம் பெரிதன்று. சென்னைக் கல்லூரி ஒன்றின் விண்ணப்பத்தில் கட்டைவிரல் அகலத்தில் ஒரு கட்டம். 'அகில இந்திய நுழைவுத் தேர்வு பர்சன்டைல், விரும்பினால் நிரப்பவும்' என்று அதன் தலையில் எழுதியிருந்தது. நம் வீராங்கனை பெற்றதோ நாற்பத்தொன்று. நிரப்பினால், இரண்டாண்டாய்க் கனவு கண்ட கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் கைநழுவிப் போகும். மாலை ஆறுக்கு விண்ணப்பம் மூடப்படும். மணி அப்போது ஐந்து நாற்பது.

காலியாக விட்டால் தீர்ந்தது, இதற்கொரு காவியமா என்பீர், விவரம் அறியாதவர்களே! நாற்காலிக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று பாருங்கள். நூற்றுக்கு முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் என்று பள்ளியில் கற்றதை இம்மியும் மறவாத சிவப்பிரகாசர் நிற்கிறார். நாற்பத்தொன்றை மார்க் என்றே கொண்டு, தெருவில் பாவு நீட்டப் பதினெட்டு பேர் கூடி ஆளுக்கொரு பக்கம் நூலை இழுத்துப் பிடித்திருந்த காலைப்பொழுதில், "எம் பொண்ணு இந்தியா பரீட்சையில பாஸு" என்று முழங்கி, பிடியை விட வழியற்று நின்ற அத்தனை பேர் வாயிலும் மைசூர்பாகு திணித்த மாவீரர் அவர். அன்றே உண்மையை உரைக்காமல் தானும் ஒரு துண்டு வாங்கித் தின்றாள் காவ்யா. பிழை அதுதான்.

நான்கை அடித்தாள், அழித்தாள். ஒன்றையும் சேர்த்தடித்தாள், இரண்டையும் அழித்தாள். இடமா, அப்பன் முகமா என்று இருபுறமும் சேனை திரண்டு நெஞ்சில் மோத, வியர்வை ஆறாய்ப் பெருக, மின்விசிறியோ யார் பக்கமும் சேராமல் சும்மா சுற்றியது.

"ஜல்திம்மா, கடைசி நேரத்துல சர்வர் மாட்டிக்கும்" என்று அறைகூவினார் கடைக்கார ஜெயவேல்.

"என்னாம்மா யோசிச்சிகினு கீற? பாஸானத எழுத என்னா வெக்கம்? சென்னைக்காரன் பாக்கட்டும்" என்று பின்னணியில் முரசறைந்தார் தந்தை.

அப்போது, ஊரார் கேலியும் உற்றார் ஏளனமும் கண்முன் கூத்தாட, அவள் திரும்பினாள்.

"அப்பா, அது மார்க்கு இல்லப்பா. நூறு பேர் எழுதுனா அம்பத்தொம்போது பேரு எனக்கு முன்னாடி கீறாங்கன்னு அர்த்தம். போட்டா சீட்டு கெடைக்காது. அன்னிக்கே சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சிப்பா."

அண்டம் அசையவில்லை. பதினெட்டு பேரையும் மனத்துக்குள் ஒருமுறை வலம் வந்து திரும்பிய சிவப்பிரகாசர், மகளின் தலைமேல் கைவைத்து, தம் தீர்ப்பை உலகுக்கு அறிவித்தார்.

"அப்போ உனக்குப் பின்னாடி நாப்பத்தோரு பேரு கீறாங்க. பாவம், அதுங்க மானத்த நாம ஏன் வாங்கணும்? எழுதாதம்மா, வுடு."

காவ்யா கட்டத்தைக் காலியாக விட்டு, விண்ணப்பத்தை அனுப்பினாள்.