மூன்று மொழிக்கும் ஒரே தாளம்

சொந்தக்காரர்களைக் கடையில் வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பார்கள். ஆராய்ச்சிக்கும் வைத்துக்கொள்ளக் கூடாது. கைக்கு வந்த வேலையைத் தொலைத்து இதைத் தெரிந்துகொண்டவன் நான்.

ஸ்ரீ சிட்டியில் தொழிற்சாலைகள் வரிசையாக வந்துகொண்டிருந்த சமயம் அது. சித்தூரில் என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் பெங்களூருக்கும் மீதிப் பேர் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். நான் மட்டும் மொழியியல் எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன்.

"பேசறதுக்கு ஒரு படிப்பாடா? உங்கம்மா படிக்காமயே பேசிக்கினு இருக்கா" என்பார் நைனா. ஸ்ரீ சிட்டியில் எனக்கு ஒரு சூப்பர்வைசர் வேலைக்கும் சொல்லி வைத்துவிட்டார். (எனக்கு அந்த வேலையில் துளியும் இஷ்டமில்லை.)

அப்போதுதான் கம்ப்யூட்டரைப் பேச வைக்கும் பெங்களூர் கம்பெனி ஒன்று ஆள் தேடியது. மொழிக்கு மொழி பேச்சின் தாளம் மாறும். எந்த அசை எவ்வளவு நீள்கிறது என்று அளந்தால் பிடிபட்டுவிடும். ஒரு சின்னக் கதையைத் தமிழ், தெலுங்கு, கன்னடத்தில் பேசிப் பதிவு செய்து, அளந்து கொண்டுவரச் சொன்னார்கள். தேறினால் பெங்களூர், இல்லாவிட்டால் நைனா சொன்ன இடம்.

மூன்றையும் ஒரே ஆள் பேசினால்தான் ஒப்பிட முடியும் என்று முடிவு செய்தேன். (அறிவாளி!) மூன்று மொழி தெரிந்தவர்களுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. ஒரு மொழியில் ஆரம்பித்த பேச்சை அதே மொழியில் முடிப்பவரைத்தான் காணோம். அம்மா இரண்டாவது வரியிலேயே தெலுங்குக்குத் தாவினாள். கடைசியில் தாய்மாமாவைப் பிடித்தேன். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு செய்பவர் அவர். மைக் முன்னால் நின்றால் மொழி மாறவே மாறாது.

கதையை நானே எழுதினேன். மாங்காய் ஏற்றிக்கொண்டு போகும் விவசாயி, வழியில் மழை, புளியமரம். அவ்வளவுதான்.

"மாமா, சாதாரணமா பேசு."

"எனக்கு மைக்கப் பாத்தாதான்டா சாதாரணமா வரும்" என்றார் மாமா.

அளந்து கம்ப்யூட்டரில் கோடாகப் போட்டேன். மூன்று மொழியின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தின. புத்தியுள்ளவன் சந்தேகப்பட்டிருப்பான். நானோ, இத்தனை நாள் உலகம் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறது என்று தீர்மானித்து, பாராட்டு விழாவுக்கு எந்தச் சட்டை போடுவது என்று யோசிக்க ஆரம்பித்தேன். பஸ் ஸ்டாண்டில் சின்ன வயதிலிருந்தே கேட்ட குரல் என்பதால் எனக்கு எதுவும் வித்தியாசமாகப் படவில்லை.

இன்டர்வியூ திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் நடந்தது. வராந்தாவில் மொட்டை போட்ட குடும்பம் ஒன்று மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தது. உள்ளே கம்பெனி மேடம்.

"மூணு மொழிக்கும் தாளம் ஒண்ணுதான் மேடம். கண்டுபிடிச்சிட்டேன்."

"அப்படியா? பதிவைப் போடுங்க, கேப்போம்."

சத்தத்தை முழுசாக ஏற்றினேன்.

"மாங்காய் ஏற்றிக்கொண்டு... பங்காருபாளையம் வழியாக... பலமனேர் செல்லும் விவசாயீ... தற்போது... புளியமரத்தடியில்... நிற்கிறாஆர்."

வராந்தாவில் மூட்டைகள் எழுந்தன. ஒரு மொட்டைத் தலை கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தது. "சார், பலமனேர் வண்டி எங்க நிக்குது?"

"புளியமரத்தடியில" என்றார் மேடம்.

தெலுங்கிலும் அதே இழுப்பு, அதே நிறுத்தம். கன்னடத்தில் கதை முடிந்ததும், பழக்க தோஷம், படிக்கட்டில் நின்று பயணம் செய்யாதீர்கள் என்று மாமா ஒரு வரி சேர்த்திருந்தார். அதையும் நான் அளந்து வைத்திருந்தேன்!

"தம்பி, நீங்க மொழிய அளக்கல, பஸ் ஸ்டாண்ட அளந்திருக்கீங்க." என் மானம் கப்பலேறிவிட்டது. மேடம் விடாமல் கேட்டார்: "இது யார் குரல்? நம்பர் இருக்கா?"

போன உயிர் திரும்பி வந்தது. வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். கிடைக்கத்தான் செய்தது, மாமாவுக்கு. அவர் குரலைப் பதிவு செய்து பஸ் கம்பெனிகளுக்கு விற்றார்கள்.

நான் ஸ்ரீ சிட்டிக்குப் போனேன். தினம் காலையில் எங்களை ஏற்றிப்போகும் பஸ்ஸில், படிக்கட்டில் நிற்காதே என்று மூன்று மொழியில், ஒரே தாளத்தில், மாமாதான் என்னை அதட்டுகிறார். எரிச்சலாகத்தான் வரும். ஆனாலும் உள்ளே ஏறிவிடுவேன்.

இன்றைக்கும் யாராவது வீட்டுக்கு வந்து "பையன் எங்க?" என்று கேட்டால் போதும். நைனா தொண்டையைச் செருமிக்கொண்டு, மாமாவைப் போலவே இழுப்பார்: "புளியமரத்தடியில்... நிற்கிறாஆன்."